பனி டயரைக் கழற்றிய பிறகு டயர் விளக்கு அணையவில்லையா? நான்கு சென்சரும் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தங்கச்சி, ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் ஹைபிரிட் எஸ்யூவி ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறார். வண்டி பனிக்கால டயரோடு வந்திருக்கிறது. நமது வீதிக்கு அது சரிவராது என்று, பஞ்சிகாவத்தையில் பாவித்த அலோய் ரிம் ஒரு செட் பார்த்து, அதில் புது டயர் போட்டு மாற்றியிருக்கிறார். அதிலிருந்து டாஷ்போர்டில் மஞ்சள் டயர் விளக்கு. காற்று அடித்துப் பார்த்தும் அணையவில்லை. கராஜில் "நாலு சென்சரும் போயிட்டுது, நாலையும் மாத்த வேணும்" என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டிருக்கிறார்கள். பழைய ரிம் நான்கும் பனி டயரோடு வீட்டில் கிடக்கின்றன. அவற்றை விற்று அந்தக் காசில் சென்சர் போடலாமா என்று கேட்கிறார்.

தங்கச்சி, அந்தப் பழைய ரிம்களை இப்போதைக்கு விற்காதீர்கள். உங்கள் சென்சர்கள் அவற்றுக்குள்ளேயே நல்லபடியாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஒரு சென்சர் பழுதாவது சாதாரணம். ரிம் மாற்றிய அதே நாளில் நான்கும் சேர்ந்து பழுதாவது நடக்காத காரியம். சென்சர் ரிம்மோடுதான் இருக்கும், வண்டியோடு இருக்காது. ரிம்மைக் கழற்றினால் அதுவும் கூடவே போய்விடும்.

முதலில் விளக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அதையே கவனியுங்கள். ஒரே சீராக எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்றுக் குறைவு என்று அர்த்தம். ஒரு நிமிடம் போல மின்னி மின்னி, பிறகு நிலையாக எரிந்தால் காற்றைப் பற்றிய பேச்சே இல்லை. "எனக்குச் சென்சரின் சத்தம் கேட்கவில்லை" என்று சிஸ்டம் சொல்கிறது. அந்த நிலையில் எவ்வளவு காற்று அடித்தாலும் அணையாது. பெட்ரோல் செட்டில் காற்றை ஏற்றி இறக்கி அலுத்துப்போகிறவர்களில் பலருக்கு இந்த ஒரு வித்தியாசத்தை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது மின்னும் வகையாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஜப்பான் வண்டிகளில் இது ஏன் இவ்வளவு நடக்கிறது? ஹொக்கைடோ, தொஹொக்கு போன்ற பனி கொட்டும் பகுதிகளில் ஒரு காருக்கு இரண்டு செட் சக்கரம் வைத்திருப்பது வழக்கம். கோடைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று. பனிக்கால செட்டை மலிவான ரிம்மில் போட்டு, சென்சர் போடாமலே ஓட்டுகிறவர்கள் அங்கே நிறையப் பேர். சாதாரண கார்களில் டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி இருந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் ஜப்பானில் இல்லை. அமெரிக்காவில் 2007 செப்டெம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம், ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து. ஆகவே குளிர்காலத்தில் ஏலத்துக்குப் போன வண்டி பனிச் சக்கரத்தோடு கப்பல் ஏறியிருந்தால், சென்சர் இருந்த கோடைச் சக்கரங்கள் ஜப்பானிலேயே யாருடைய களஞ்சியத்திலோ நின்றிருக்கலாம். அப்படியானால் விளக்கு வண்டி வந்த நாளிலிருந்தே எரிந்திருக்கும். ரிம் மாற்றுவதற்கு முன் எரிந்ததா என்று நன்றாக யோசித்துப் பாருங்கள். வண்டியைக் காட்டியபோது எடுத்த படத்திலோ வீடியோவிலோ டாஷ்போர்ட் தெரிந்தால் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

மாற்றும் வரைக்கும் எரியவில்லை என்றால், சென்சர் பழைய ரிம்மில் இருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

இன்னொரு விடயம், இங்கே பலருக்குத் தெரியாது. சில லெக்ஸஸ், டொயோட்டா மாடல்கள் இரண்டு செட் சக்கரங்களின் ஐடிகளையும், அதாவது ஒவ்வொரு சென்சருக்கும் உரிய தனி இலக்கங்களையும், நினைவில் வைத்திருக்கும். முதல் செட், இரண்டாம் செட் என்று பொத்தானிலோ திரை மெனுவிலோ மாற்றிக்கொள்ளலாம். ஜப்பானில் பனிச் சக்கரம் போட்டவர் "இரண்டாம் செட்" என்று மாற்றிவிட்டு அப்படியே விற்றிருக்கலாம். உங்கள் வண்டியில் அந்த வசதி இருக்கிறதா என்று மெனுவில் தேடிப் பாருங்கள். ஜப்பானிய மொழியில் இருந்தால் தொலைபேசிக் கமராவைப் பிடித்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம். இப்போது போட்டிருக்கும் சக்கரங்களின் ஐடி மற்றச் செட்டில் பதிந்திருந்தால், அந்த ஒரு தெரிவை மாற்றிக் கொஞ்ச தூரம் ஓடியதும் விளக்கு தானாக அணைந்துவிடும், செலவு ஒன்றும் இல்லை.

சரி, அடுத்தது உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று அறிவது. இரண்டு வகை உண்டு. நேரடி வகையில் ஒவ்வொரு ரிம்முக்குள்ளும், வால்வின் அடியில், தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு சென்சர் இருக்கும். அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து வானொலி அலையில் அனுப்பும். மறைமுக வகையில் சென்சரே கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் சக்கர வேக அளவைகளை வைத்தே கணக்குப் போடும். காற்றுக் குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்குவதால் அது மற்றவற்றை விட வேகமாகச் சுழலும், அதைப் பிடித்துத்தான் எச்சரிக்கும். டாஷ்போர்டில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக எண் காட்டினால் நேரடி வகை. வால்வு உலோகத்தில், அடியில் நட்டு போட்டு இறுக்கியிருந்தால் அநேகமாக நேரடி வகை. ரப்பர் வால்வாக இருந்தாலும் உள்ளே சென்சர் இருக்கலாம், ஆகவே அதை மட்டும் வைத்து இல்லை என்று முடிவெடுக்க முடியாது. டயர் படம் போட்ட பொத்தானும் இரண்டு வகையிலும் வரும்.

மறைமுக வகை என்றால் உங்கள் பிரச்சினை அரை மணி நேர வேலை. நான்கு டயரும் ஆறியிருக்கும்போது கதவு நிலையில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுக்குக் காற்று அடித்து, அந்தப் பொத்தானை அமுக்கி ரீசெட் செய்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓடினால் முடிந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பனிச் செட் பெரும்பாலும் ஓர் அங்குலம் சிறிய ரிம்மில் வரும். இங்கே வாங்கிய ரிம்மும் டயரும் சேர்ந்த மொத்த விட்டம் தாளில் உள்ள அளவோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு புதியது, இரண்டு தேய்ந்தது என்று கலந்து போட்டாலும் இந்த வகை குழம்பும்.

நேரடி வகைதான் என்றால் சென்சர் வாசிக்கும் கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் போக வேண்டும். எல்லா டயர் கடையிலும் இருக்காது, முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். "ஓபிடி ஸ்கானர் இருக்கிறதா" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள், அது வண்டியின் கணினியை வாசிக்கும் பொதுவான கருவி. "டி.பி.எம்.எஸ். (டயர் அழுத்தக் கண்காணிப்பு) சென்சரை விழிக்க வைத்து வாசிக்கும் கருவி இருக்கிறதா" என்று கேளுங்கள். பழைய ரிம் நான்கையும் கையோடு கொண்டுபோங்கள். டயரைக் கழற்றவே தேவையில்லை. கருவியை வால்வுக்குக் கிட்டப் பிடித்துப் பொத்தானை அமுக்கினால் அது 125 கிலோஹேர்ட்ஸில் ஒரு தட்டுத் தட்டும். உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் சென்சர் விழித்துப் பதில் அனுப்பும். திரையில் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீண்ட ஐடி, அந்த டயரின் அழுத்தம், உள்ளே எத்தனை பாகை வெப்பம், பெரும்பாலான கருவிகளில் பற்றரி நிலை எல்லாம் வரும். பதில் வந்தால் சென்சர் உயிரோடு இருக்கிறது. அந்த ஐடியை எழுதிக்கொள்ளுங்கள், படம் எடுத்து வைத்தாலும் சரி. புது ரிம் நான்கிலும் இதையே செய்யச் சொல்லுங்கள். பாவித்த ரிம்மில் வேறு ஏதோ வண்டியின் சென்சர் உள்ளே இருப்பதும் உண்டு.

அப்புறம், ஓபிடி வழியாக வண்டியின் கணினியில் பதிந்திருக்கும் நான்கு ஐடிகளையும் எடுக்க வேண்டும். ஐடி என்பது ஒவ்வொரு சென்சருக்கும் தேசிய அடையாள அட்டை இலக்கம் மாதிரி, இரண்டு சென்சருக்கு ஒரே ஐடி இருக்காது. கணினி தனக்குத் தெரிந்த இலக்கங்களை மட்டும்தான் கேட்கும். பக்கத்து வண்டியின் சென்சரைத் தன்னுடையது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பழைய ரிம்மில் வாசித்த ஐடியும் கணினியில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் தேட வேண்டியது ஒன்றும் இல்லை. சென்சர்களைப் பழைய ரிம்மிலிருந்து கழற்றிப் புது ரிம்மில் போட்டால் போதும், எதையும் புதிதாகப் பதிய வேண்டியதில்லை. புது ரிம்மில் வால்வுத் துளையும் அதன் உட்புறச் சரிவும் அந்தச் சென்சருக்கு இடம் கொடுக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பழைய ரிம்மில் சென்சரே இல்லை, கணினி கேட்கும் ஐடிகள் வேறு எங்கோ இருக்கின்றன என்றால், அப்போதுதான் நான்கும் வாங்கும் பேச்சு.

வாங்குவதாக இருந்தால் அலைவரிசையை முதலில் பாருங்கள். ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸ். இங்கிலாந்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருபவற்றில் 433. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும், மாடல் பெயரும் ஒன்றாகவே இருக்கும். 433 சென்சரை 315 கேட்கும் வண்டியில் போட்டால், எத்தனை முறை பதிந்தாலும் வண்டிக்கு அது கேட்காது. "உங்கட மொடலுக்கு இதுதான்" என்று கடையில் தந்தாலும், சென்சரின் உடம்பில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், பழையது ஒன்று கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு அலைவரிசையிலும் இயங்கும் பொதுச் சென்சர்களும் சந்தையில் உண்டு. கருவியால் தேவையான மாடலை அதில் எழுதிக்கொள்ளலாம், பழைய சென்சரின் ஐடியையே அதில் பிரதி எடுக்கவும் முடியும். பிரதி எடுத்தால் வண்டியின் கணினியைத் தொடவே வேண்டாம், அதற்கு வந்திருப்பது பழைய சென்சர்தான். ஒன்று மட்டும் செத்திருந்து அதன் ஐடி கணினியில் தெரிந்தால், எனக்குப் பிடித்த வழி இதுதான்.

பாவித்த சென்சர் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் லித்தியம் பற்றரியைத் தனியாக மாற்ற முடியாது, பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். ஆயுள் பொதுவாக ஐந்திலிருந்து பத்து வருடம். பாவித்ததை மலிவாக வாங்கி ஒரு வருடத்தில் அது போனால், டயரைக் கழற்றிப் போட்டு பாலன்ஸ் செய்யும் கூலி திரும்பவும் உங்கள் தலையில்தான் விழும்.

பதியும் விதம் வண்டிக்கு வண்டி வேறு. சில வண்டிகள் கொஞ்ச நேரம் ஓடும்போது தாமாகவே கற்றுக்கொள்ளும், பல ஐரோப்பிய வண்டிகள் அப்படி. பழைய டொயோட்டாக்களில் ஓபிடி வழியாக ஐடியை எழுதினால்தான் ஏறும், ஒரு வாரம் ஓடினாலும் தானாகக் கற்காது. புதிய மாடல்கள் சிலவற்றில் டாஷ்போர்ட் மெனுவிலேயே செய்யலாம். கராஜில் "ஓட ஓடச் சரியாகிடும்" என்று சொன்னால், எந்த வகை என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள். பெரிய எஸ்யூவிகள் சிலவற்றில் உதிரிச் சக்கரத்திலும் ஒரு சென்சர் உண்டு. நான்கும் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் ஐந்தாவதைப் பாருங்கள்.

இனி டயர் கழற்றும் இடத்துக்கு வருகிறேன். நல்ல சென்சர்கள் உடைவது பெரும்பாலும் அங்கேதான். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து அமுக்கிப் பிரிக்கும் இயந்திரத்தின் அலகு வால்வுக்கு நேரே வந்தால் சென்சர் அந்த இடத்திலேயே நொறுங்கிவிடும். வால்வுக்கு எதிர்ப்பக்கமாக வைத்துப் பிரிக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே "தம்பி, உள்ளே சென்சர் இருக்கு" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வால்வில் ஒரு கீற்றுச் சாக்பீஸ் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. திரும்பப் போடும்போது ரப்பர் வளையம், நட்டு, வால்வுக்குள் காற்றை அடைத்துப் பிடிக்கும் உள் ஊசி மூன்றும் புதிதாக இருக்க வேண்டும். நட்டை அளவோடுதான் இறுக்க வேண்டும், பலமாக முறுக்கினால் அலுமினியத் தண்டு அறுந்துவிடும்.

அந்த உள் ஊசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், கொழும்புக்கு அது முக்கியம். சாதாரண வால்வு ஊசி மஞ்சள் நிறப் பித்தளை. சென்சர் வால்வின் தண்டு அலுமினியம். இந்த இரண்டு உலோகமும் ஒட்டியிருக்க, நடுவில் உப்பு ஈரம் போனால் அரிப்புத் தொடங்கிவிடும். காலி வீதியிலும் கடற்கரைப் பக்கமும் நிறுத்தும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். மூடியைத் திறந்தால் வெள்ளைத் தூளாக ஏதோ பூத்திருக்கும். ஊசி தண்டோடு இறுகிப்போயிருக்கும், திருப்பினால் தண்டே முறியும். சென்சர் வால்வுக்கு நிக்கல் பூசிய, வெள்ளி நிற ஊசிதான் போட வேண்டும். மூடியும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அழகுக்காக விற்கும் உலோக மூடி கொஞ்ச நாளில் இறுகிவிடும். பஞ்சருக்கு என்று டயருக்குள் ஊற்றும் திரவத்தையும் தவிருங்கள், அது சென்சரின் காற்றுத் துளையை அடைத்துவிடக்கூடும்.

எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு வந்து வந்து போனால், வண்டியில் பிறகு பூட்டியவற்றைச் சந்தேகியுங்கள். மலிவான யூஎஸ்பி சார்ஜர், டேஷ் கமரா, எல்ஈடி பல்பு இவற்றின் மின்னிரைச்சல் சென்சரின் மெல்லிய சைகையை மறைத்துவிடும். உலோகம் கலந்த ஜன்னல் டின்ட்டும் அலைகளைத் தடுக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஓடிப் பாருங்கள்.

காற்றளவு பற்றி. கதவுத் தாளில் கிலோபாஸ்கலில் இருக்கும். 230 என்றால் சுமார் 33 பீஎஸ்ஐ, 240 என்றால் 35. "எல்லாத்துக்கும் 30" என்று அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு பாருங்கள். டொயோட்டாவில் ரீசெட் செய்யும்போது அந்த நேரத்தில் இருக்கும் அழுத்தத்தையே அது அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் மாடல்கள் உண்டு. சூடான டயரில், ஏறியிருக்கும் அழுத்தத்தோடு ரீசெட் செய்தால் மறுநாள் காலை அது குறையாகவே தெரியும். குளிரிலிருந்து வரும் வண்டியில் நேர்மாறான சிக்கலும் இருக்கிறது. சுழியத்துக்குக் கீழே ஐந்து பாகையில் 33 பீஎஸ்ஐ அடித்த டயர், வழியில் கசிவு ஒன்றும் இல்லாவிட்டால், இங்கே 30 பாகையில் கிட்டத்தட்ட 40 காட்டும். நைதரசன் அடித்தால் இப்படி மாறாது என்பார்கள். வெப்பத்துக்கு விரிவதிலும் சுருங்குவதிலும் நைதரசனும் சாதாரணக் காற்றும் ஒன்றுதான்.

நுவரெலியா போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஏறத்தாழ ஆறு பாகை குளிர்ந்தால் ஒரு பீஎஸ்ஐ குறையும். கொழும்பில் 30 பாகையில் 33 வைத்துப் போனால், ஜனவரி விடியற்காலையில் அங்கே 10 பாகையில் டாஷ்போர்ட் 30 அளவில் காட்டும். ஆனால் கையில் அளவி வைத்துப் பார்த்தால் 33க்குக் கிட்டவே இருக்கும். சென்சர் பொய் சொல்லவில்லை. அது முழு அழுத்தத்தை அளக்கிறது. பல வண்டிகள் கடல்மட்டக் காற்றழுத்தத்தைக் கழித்துவிட்டுக் காட்டுகின்றன. 1,800 மீற்றருக்கு மேல் வெளிக்காற்றின் அழுத்தமே சுமார் மூன்று பீஎஸ்ஐ குறைவு, கை அளவி அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. கொழும்பிலேயே 28இல் ஓடிய டயராக இருந்தால் மட்டுமே அந்தக் குளிரில் எச்சரிக்கை எல்லைக்கு இறங்கி விளக்கு எரியும். அங்கே கொஞ்சம் ஏற்றுங்கள், கொழும்பு வந்ததும் ஆறிய டயரில் திரும்ப அளந்து சரிசெய்யுங்கள்.

பனி டயரை மாற்றியது நல்ல முடிவு. பூ ஆழமாக இருக்கிறதே, இன்னும் ஒரு வருடம் ஓடலாமே என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அதன் ரப்பர் உறைபனியிலும் மென்மையாக இருக்கும்படி செய்தது. நமது தார் வீதியின் சூட்டில் அது இளகி வேகமாகத் தேயும், மழையில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும். பக்கச்சுவரில் "ஸ்டட்லெஸ்" என்ற எழுத்து இருந்தால் அது பனி டயர், மலைக்குள் பனிச்செதில் வரைந்த குறி இருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே சென்சரை எடுத்த பிறகு அந்த டயர்களை விற்கும்போது வாங்குகிறவருக்கு அது என்னவென்று சொல்லிவிடுங்கள். தெரியாமல் யாரோ ஒரு குடும்பம் மழை நாளில் அதில் அதிவேக வீதியில் போகக் கூடாது.

இவை முடியும் வரை ஓட்டலாமா என்றால், ஓட்டலாம். விளக்கு மின்னினால் டயரில் பழுது என்று அர்த்தமில்லை, காற்றுக் குறைந்தால் எச்சரிக்கை வராது என்பது மட்டும்தான். நல்ல டிஜிட்டல் அளவி ஒன்று வாங்கி வண்டியிலேயே வைத்திருங்கள், வாரம் ஒருமுறையும் தூரப் பயணத்துக்கு முன்பும் நீங்களே அளந்து பாருங்கள். தெற்கு அதிவேக வீதியில் 100இல் போகும்போது காற்றுக் குறைந்த டயர் உள்ளுக்குள் சூடேறித்தான் வெடிக்கிறது, வெளியில் ஒரு அறிகுறியும் தெரியாது. கராஜில் அந்த விளக்கையே கணினியில் நிறுத்திவிடுகிறோம், அல்லது பல்பை மூடிவிடுகிறோம் என்று சொன்னால் தயவுசெய்து சம்மதிக்க வேண்டாம். இரண்டு செட் ரிம்மிலும் கருவியில் வாசித்த ஐடிகளும், வண்டியின் கணினியில் இருக்கும் நான்கும் கிடைத்ததும் அனுப்புங்கள், எதை எங்கே மாற்றுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.